நாற்பதைத் தாண்டாத முள்

செகந்திராபாத் பக்கம் திருமுல்கேரியிலிருந்து ஜீடிமெட்லாவுக்குக் காரில் போக ஊர் உலகத்துக்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆகும். குணசேகரனுக்கு அரை மணி நேரம்தான். இதை அவர் சொல்லாமல் விட்ட கல்யாண வீடு இல்லை, காதுகுத்து இல்லை. ஒருமுறை துக்க வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். இறந்தவரின் மகன் அழுகையை நிறுத்திக்கொண்டு, எந்த வழியாகப் போவீர்கள் என்று விசாரித்ததாகவும் சொல்வார். அப்படி யாரும் விசாரிக்கவில்லை என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் சொல்லிச் சொல்லி, இப்போது அந்த மகன் கேட்டபோது நின்ற இடம்கூட அவருக்கு நினைவுக்கு வருகிறது.

வயது ஐம்பத்தெட்டு. மாத்திரை செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். கொஞ்சம் தொப்பை, நிறைய மீசை, கார் ஓட்டும்போது மட்டும் கறுப்புக் கண்ணாடி. அவருடைய அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வந்தவர். ரயில்வே குடும்பம், வேகம் எங்கள் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று குணசேகரன் மீசையைத் தடவுவார். அப்பா கடைசிவரை வேலை பார்த்தது பிரேக் பிரிவில் என்பதையும், சைக்கிளை ஓட்டியதைவிடத் தள்ளிக்கொண்டு நடந்ததே அதிகம் என்பதையும் மனைவி அன்னக்கிளிதான் கூடவே எடுத்துச் சொல்வாள்.

அவருடைய வெள்ளைக் காருக்கு ஒன்பது வயது. வாங்கிய நாளில் பதிவு செய்ய மொபைல் நம்பர் கேட்டார்கள். ஓ.டி.பி. என்ற சொல்லைக் கேட்டாலே பேங்கில் இருப்பதெல்லாம் கரைந்துவிடும் என்று பயப்படுகிறவர் அவர். பக்கத்தில் நின்ற மகள் தேஜஸ்வினியின் நம்பரைக் கொடுத்துவிட்டார். அதோடு போச்சு. சுசித்ரா பக்கமோ கொம்பள்ளி பக்கமோ கேமராவோடு ஒளிந்து நிற்கும் போலீஸ்காரர் அவருடைய வேகத்தைப் படம் பிடித்தால், அபராதச் சலான் குறுஞ்செய்தியாகப் போவது குற்றவாளிக்கு அல்ல; குற்றவாளியின் மகளுக்கு.

கல்யாணமாகி தேஜு புனேவுக்குப் போன பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. போன புதிதில் தினமும் பேசினாள். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு அன்னக்கிளி கூப்பிட்டால் எடுப்பாள், அதுவும் அம்மாவிடம் பேசிவிட்டு, அப்பாவைக் கேட்டதாகச் சொல்லும்மா என்று வைத்துவிடுவாள். அவளுக்கும் வேலை, வீடு, புருஷன் என்று இருக்கிறதே. ஆனால் சலான் வந்துவிட்டால் மட்டும் நேராக அப்பாவின் போன் அடிக்கும்.

"அப்பா, சலான் வந்திருக்கு" என்றுதான் ஆரம்பிப்பாள். நாலு திட்டு திட்டுவாள். அவர் வாங்கிக்கொள்வார். திட்டி முடித்தபின் அவளுக்கே இரக்கம் வந்துவிடும். சாப்பிட்டீர்களா, அம்மாவின் முட்டிவலி எப்படி, அங்கே மழையா என்று பேச்சு நீளும். அந்த நாளில் குணசேகரன் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்வார். அந்தப் போனுக்காகவே வேகமாக ஓட்டினார் என்று சொன்னால் மிகை. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னால், அந்தப் பொய்யை அவராலேயே சகிக்க முடியாது.

கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார் நிறுத்துமிடத்தில் ஒரு சபை கூடும். எல்லாக் கார்களிலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைக் கட்டாயமாக்கப் போகிறார்கள் என்று யாரோ ஒரு செய்தியைக் கொண்டுவந்து போட்ட நாளில் அந்தச் சபை தீப்பிடித்தது. டாக்ஸிகளில் இருக்கிற கருவிதான். டிரைவர்கள் கவர்னர் என்பார்கள். எண்பதுக்கு மேல் காலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி கேட்காது. அபராதமெல்லாம் சின்னக் கார்க்காரனுக்குத்தான், பெரிய வண்டியை எவனாவது நிறுத்துகிறானா என்று ஒருவர் பொருமினார். ஒரு இடத்தில் அறுபது என்று பலகை, கொஞ்சம் தள்ளி நாற்பது, அதற்கடுத்து பலகையே இல்லை, எதைப் பார்த்து ஓட்டுவது என்று இன்னொருவர். குவாலிட்டி பிரிவுப் பெண் ஒருத்தி, தன் புதுக் கார் எண்பதைத் தாண்டினால் கூவுகிறது என்றும், அது கேட்காமலிருக்கப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொள்வதாகவும் சொன்னாள்.

குணசேகரன் ஒரு காரின் பானெட்டில் கை ஊன்றி எழுந்து நின்றார். அன்று அவருக்கு வாய்த்த சொல்வன்மை அதற்கு முன்னும் பின்னும் வாய்த்ததில்லை.

"காலு என்னோடது. ஆக்சிலரேட்டர் என்னோடது. நடுவுல ஒரு டப்பா உக்காந்துகிட்டு, நீ இவ்ளோதான் போகணும்னு சொல்லுமா? அப்ப நான் எதுக்கு? டப்பாவே ஓட்டட்டும், நான் பின்னாடி உக்காந்து தூங்கறேன். என் உயிர் இருக்கிற வரைக்கும் என் வண்டியில அதை ஏத்த மாட்டேன்."

கைதட்டல் விழுந்தது. ஒரு பையன் அதை வீடியோ எடுத்து எல்லார் போனுக்கும் அனுப்பிவிட்டான். கணக்குப் பிரிவு வெங்கடகிருஷ்ணன் மட்டும் தட்டவில்லை. கும்பகோணத்திலிருந்து சில வருஷங்களுக்கு முன் வந்தவர், ஸ்கூட்டர்க்காரர். அபராதத்தைவிட டப்பாவே மேல், டப்பாவிடம் யாரும் கெஞ்ச முடியாது என்பது அவர் கட்சி.

"எல்லாம் சரி குணா சார்" என்றார். "நேத்து காலைல என் ஸ்கூட்டரை விர்ருனு தாண்டிப் போனேளே, சுசித்ரா சிக்னல்ல நான் வந்து உங்க பக்கத்துலயேதான் நின்னேன். கவனிச்சேளா?"

கவனித்திருந்தார். கவனிக்காத மாதிரி எதிரே இருந்த நகைக்கடை விளம்பரத்தைச் சிவப்பு விளக்கு மாறும்வரை படித்துக்கொண்டிருந்தார்.

இந்த வீர உரைக்கு அடுத்த மாதம் தேஜஸ்வினி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் வந்து இறங்கியவளை அழைத்துவரப் போனது குணசேகரன்தான். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு லாரியை அவர் தாண்டிய விதத்தில் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. "பாத்தியா, பேரப்புள்ளைக்கு இப்பவே வேகம் புடிச்சிருக்கு" என்று அவர் பூரித்துப்போனார். பின்சீட்டில் மகள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தும், அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் மனசுக்குள் ஒரு காட்சி ஓட ஆரம்பித்தது. மகளுக்கு வலி எடுக்கிறது. வீடே கதறுகிறது. அவர் மட்டும் கலங்காமல் சாவியை எடுக்கிறார். விளக்குகளை எரியவிட்டு, ஹாரனில் கை வைத்தபடி செகந்திராபாத்தைக் கிழித்துக்கொண்டு போகிறார். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இன்னும் ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால் என்று சொல்லி நிறுத்துகிறார். அந்த டாக்டரம்மாவின் புடவை நிறம் முதற்கொண்டு குணசேகரன் முடிவு செய்து வைத்திருந்தார்.

அந்தக் காட்சியில் ஒரு பாதியை, அடக்கமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லியும்விட்டார். தேஜு மோர்சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

"அப்பா, அதெல்லாம் நக்கோ, வேணாம். அன்னிக்கு நான் கேப் புக் பண்ணிக்கறேன்."

வீட்டில் கார் இருக்க, ஓட்ட அப்பன் இருக்க, எவனோ ஒருவனுடைய வண்டியிலா என்று அவர் கேட்டார். குரல் தழுதழுத்தது, கொஞ்சம் தானாகவும், கொஞ்சம் அவர் முயற்சியாலும்.

"அந்த வண்டியில கவர்னர் இருக்குப்பா. டிரைவர் நெனச்சாலும் பறக்க முடியாது."

பிறகு அவள் போனை எடுத்து, சலான்களோடு வந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். வெவ்வேறு சாலை, வெவ்வேறு வெயில். எல்லாவற்றிலும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அதே கறுப்புக் கண்ணாடி, அதே மீசை.

"எல்லாப் போட்டோலயும் நீங்க சிரிச்சிட்டு இருக்கீங்க. அதுதான்ப்பா எனக்கு பயம்" என்றாள். லாரியைத் தாண்டியபோது உதைத்தது சந்தோஷத்தில் அல்ல, தன் வயிறு கல்லாக இறுகிப்போனது என்றும் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார், பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும்.

குணசேகரன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு மொட்டை மாடிக்குப் போனார். தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்று, கண்ணீர் வருவதற்காகக் காத்திருந்தார். பெற்ற மகள், தகப்பனைவிட ஒரு டப்பாவை நம்புகிறாள். இதற்குக்கூட அழாவிட்டால் வேறு எதற்கு அழுவது. கண்ணீர் வரவில்லை. கொசு வந்தது. பாதியில் விட்ட மோர்சாதமும் ஞாபகத்துக்கு வந்தது. இறங்கி வந்தபோது அன்னக்கிளி அதை மூடி வைத்திருந்தாள்.

மறுநாள் அவர் ராணிகஞ்சில் முகமது யூசுப்பின் பட்டறைக்குப் போனார். யூசுப் பாய் வாணியம்பாடிக்காரர். டாக்ஸிகளுக்கும் ஸ்கூல் வேன்களுக்கும் கவர்னர் மாட்டுவதுதான் அவர் தொழில். யாராவது தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சாராயக்கடைக்குள் நுழைகிறவர் மாதிரி உள்ளே நுழைந்து, விஷயத்தைச் சொன்னார். யூசுப் பாய் கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கைக்கு சாப், எதுக்கு? எல்லாரும் இதைக் கழட்டத்தான் வருவாங்க. ஃபிட்னஸ் டெஸ்டுக்கு மாட்டுவாங்க, மறுநாளே கழட்டிக் குடு பாய்னு வந்து நிப்பாங்க. சொந்தக் காரை ஓட்டிட்டு வந்து மாட்டுன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான். வீட்ல ஏதும் பிரச்சினையா?"

பிரச்சினை என்னவென்று குணசேகரன் சொன்னார். நீளமாகவே சொன்னார். கேட்டு முடித்து, எண்பதில் வைக்கட்டுமா என்றார் யூசுப் பாய். எண்பது என்றால் தேஜு உதட்டைப் பிதுக்குவாள் என்று தோன்றியது. அறுபது என்றார். அறுபதிலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஸ்கூல் வேனுக்கு எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டார்.

"நாப்பது."

"அதையே வெச்சிடுங்க பாய்" என்றார், தலையைக் கொடுப்பவர் போல.

மாட்டி முடித்து, வயரில் ஈய சீல் ஒன்றை அழுத்திக் காட்டினார் யூசுப் பாய். இந்த வயரை ஒரு கட்டிங் பிளையரால் நறுக்கினால் பழைய வண்டிதான், அதற்காகத்தான் சீல் என்று விளக்கினார். திரும்பி வரும் வழியிலேயே குணசேகரனின் வனவாசம் தொடங்கிவிட்டது. ஆட்டோ தாண்டியது. தண்ணீர் லாரி தாண்டியது. ஆக்டிவாவில் மூன்று பேராகப் போன கல்லூரிப் பெண்கள் தாண்டினார்கள். சிட்டி பஸ் கண்டக்டர் ஒருவர் படியில் தொங்கியபடி, வண்டிக்குள் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று குனிந்து பார்த்தார். ஸ்கூல் ஆட்டோவிலிருந்து பிள்ளைகள் டாட்டா காட்டினார்கள். முதல் நாள் அவர் முறைத்தார். மூன்றாம் நாள் பதிலுக்குக் கை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

கம்பெனியில் கிளட்ச் கோளாறு என்று சொல்லிவைத்தார். பிறகு பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாகச் சொன்னார். ஸ்கூட்டர் பஞ்சராகி வெங்கடகிருஷ்ணன் ஒரு சாயங்காலம் அவர் காரில் ஏறியதோடு எல்லாம் வெளுத்தது. கணக்குப் பிரிவுக்காரரின் கண், முதலில் குணசேகரனின் காலைப் பார்த்தது. பிறகு முள்ளைப் பார்த்தது.

"காலு தரையோட ஒட்டிண்டிருக்கு. முள்ளு நாப்பதுலயே நிக்கறது" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "டப்பா எங்கே இருக்கு சார், முன்னாடியா பின்னாடியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து இறங்கினார். மறுநாள் மதியத்துக்குள் கம்பெனி முழுவதற்கும் தெரிந்திருந்தது. சபையில் அந்தப் பழைய வீடியோவை அவர் முன்னாலேயே போட்டார்கள். என் உயிர் இருக்கிற வரைக்கும் என்ற இடம் வந்ததும் எல்லாரும் கூடவே சொன்னார்கள். சாயங்காலம் காரை எடுக்கப் போனால் பின்கண்ணாடியில் மஞ்சள் நிறத்தில் ஸ்கூல் பஸ் என்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஓரம் மட்டும்தான் கிழிந்தது. அதையும் எச்சில் தொட்டு ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

இதைவிடப் பெரிய அடியை எந்த மனிதரும் கொடுக்கவில்லை, கடிகாரம்தான் கொடுத்தது. நாற்பதில் ஊர்ந்து போயும், கம்பெனிக்கு அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. இத்தனை வருஷமும் போயின்பள்ளி நெரிசலைத் தாண்டிய பிறகுதான் அவர் கடிகாரத்தைப் பார்க்கவே ஆரம்பித்திருக்கிறார். அவருடைய அரை மணி நேரமும் ஊர் உலகத்தின் முக்கால் மணி நேரமும் ஒன்றுதான். துக்க வீட்டு மகன் நிஜமாகவே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்து, சிக்னலில் தனியாகச் சிரித்தார். பக்கத்து பைக்கில் இருந்தவன் ஹெல்மெட்டைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

வீட்டில் தேஜு விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். பானெட்டைத் திறந்து ஈய சீல் இருப்பதைக் காட்டினார். பார்த்தாள். அன்னிக்கு உன்னை நான்தான் கூட்டிட்டுப் போவேன், சரிதானே என்று கேட்டதற்கு, "பாக்கலாம்ப்பா" என்றாள். கடைசி மாதப் பரிசோதனை ஒன்றுக்கு மட்டும் அவரோடு வந்தாள். திரும்பும் வழியில் பின்சீட்டில் சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தால், வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்கூல் படித்த காலத்துக்குப் பிறகு அவர் ஓட்டும் வண்டியில் அவள் தூங்கியதே இல்லை. குணசேகரன் லாலா பஜாரில் ஒரு சுற்று அதிகமாகச் சுற்றி, மெதுவாக வீட்டுக்கு வந்தார். மொட்டை மாடியில் வராத கண்ணீர், வழிவிடாமல் ஒரு தள்ளுவண்டி நின்ற இடத்தில் தானாக வந்துவிட்டது. ஆனாலும் இறங்கும்போது அவள் மறுபடியும் பாக்கலாம் என்றுதான் சொன்னாள்.

அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. கிரிக்கெட் இறுதி ஆட்டம். மத்தியானச் சாப்பாடு முடிந்து, டாஸ் போட்டுச் சில ஓவர்கள் போயிருந்தன. சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு தேஜு, "அம்மா" என்று ஒரு மாதிரியான குரலில் கூப்பிட்டாள். அன்னக்கிளி பையை எடுத்தாள். தேஜு போனை எடுத்தாள். குணசேகரன் எதையும் கேட்காமல் சாவியோடு கீழே இறங்கினார்.

கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சாலையில் ஒரு வண்டி இல்லை. இந்த ஊருக்கு இப்படி ஒரு சாலை இருப்பதே அவருக்குத் தெரியாது. மொத்த ஜனமும் டி.வி. முன்னால் இருந்தது. செகந்திராபாத் வரைக்கும் கம்பளம் விரித்த மாதிரி வெயிலில் நீண்டு கிடந்தது தார். இத்தனை நாளாக அவர் மனசுக்குள் ஓட்டிய காட்சிக்கு யாரோ செட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கதாநாயகனின் கால்தான் கட்டப்பட்டிருந்தது.

பானெட்டைத் திறந்தார். டிக்கியிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்தார். யூசுப் பாய்க்குப் போன் போட்டு, இப்போது நறுக்கிவிட்டு நாளைக்கு ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"ஹவ் சாப், ஆமா, ஒட்டிக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும்போதே அந்தப் பக்கம் பெருங்கூச்சல் எழுந்தது. யாரோ சிக்ஸர் அடித்திருந்தார்கள். யூசுப் பாயின் கவனம் அங்கே போய்விட்டது.

பிளையரின் வாய் வயரைக் கவ்வியது. அழுத்தினால் போதும். மகளுக்காகத்தான், பேரப்பிள்ளைக்காகத்தான் என்று சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே தன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் படங்களில் இருக்கிற முகம்தான். சிரித்துக்கொண்டிருக்கும்.

மாடிப்படியில் வளையல் சத்தம் கேட்டது. பிளையரைப் பேண்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். அன்னக்கிளியின் தோளைப் பிடித்தபடி தேஜு வந்து நின்றாள். இன்னொரு கையில் போன். நாலு நிமிஷத்தில் கேப் வருகிறது என்று அதில் காட்டிக்கொண்டிருந்தது. அவள் திறந்திருந்த பானெட்டைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"கவர்னர் இருக்கா?"

"இருக்கும்மா."

"அறுக்கலியே?"

அவர் விலகி நின்று காட்டினார். வயரில் பிளையர் கவ்விய தடம் இருந்தது. சீல் முழுசாக இருந்தது. தேஜு இரண்டையும் பார்த்தாள். ஒரு வலி வந்து போகும்வரை கண்ணை மூடி நின்றாள். பிறகு கட்டைவிரலால் கேப்பை ரத்து செய்தாள்.

"ஏறும்மா" என்று அவளே அம்மாவிடம் சொன்னாள்.

அந்தப் பயணத்தைக் குணசேகரன் இப்போதும் வர்ணிப்பார். எந்தத் துக்க வீட்டிலும் சிரிப்பு வரும். காலியான சாலையில், கால் தரையைத் துளைக்கிற மாதிரி அழுத்தியும், முள் நாற்பதில் நின்று அவரைப் பார்த்தது. ஒரு தெருநாய் கார்கானா ஏரியா வரைக்கும் பக்கவாட்டில் ஓடிவந்தது. அதற்கு மேல் சுவாரசியம் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. பாக்கெட்டில் இருந்த பிளையர் ஒவ்வொரு முறை அவர் அசையும்போதும் தொடையில் குத்தியது. கல்யாணமான நாள் முதலாக, மெதுவா போங்க என்பதைத் தவிர வேறு எதுவும் காரில் சொல்லியறியாத அன்னக்கிளி, அன்றைக்கு முதல்முறையாக, "கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றாள்.

"போகாதுடி" என்றார் குணசேகரன்.

டிவோலி சந்திப்பில் சிவப்பு விழுந்தது. நாலு பக்கமும் ஆளில்லை. சிவப்பு எண்கள் அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன. பின்னால் தேஜுவுக்கு அதுவரை இல்லாத வலி ஒன்று வந்தது. "போங்கப்பா, யாரும் இல்ல, போங்க" என்று பல்லைக் கடித்தாள். அவர் பிரேக்கில் வைத்த காலைத் தளர்த்தினார். வண்டி கோட்டைத் தாண்டியது. அப்போது இடது பக்கத்திலிருந்து ஒரு ஸ்கூட்டர், புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை, தங்களுக்குப் பச்சை இருக்கிற தைரியத்தில் நிதானமாக வந்தது. குணசேகரன் பிரேக்கை மிதித்தார். நாற்பதுக்குள் போகிற வண்டி, சொன்ன இடத்தில் நின்றது. அந்தக் குழந்தை அவரைப் பார்த்துக்கொண்டே கடந்து போனது. பழைய வேகத்தில் வந்திருந்தால் என்ற கணக்கை அவர் மனசு போடவில்லை. கால் போட்டது, பிரேக்கை விட்டு எழவே இல்லை. முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல், கோட்டுக்கு மேல், மீதி எண்கள் இறங்கும்வரை நின்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எந்த டாக்டரம்மாவும் நிற்கவில்லை. செக்யூரிட்டி, போனில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பரிசோதித்த நர்ஸ், இன்னும் நேரம் இருக்கிறது, மெதுவாக வந்திருக்கலாமே என்றாள். குழந்தை அதற்குப் பிறகும் அவசரப்படவில்லை. மேட்ச் முடிந்து, பட்டாசு ஓய்ந்து, ஊர் தூங்கி எழுந்து, பால் பாக்கெட் வந்த பிறகுதான் பிறந்தாள். பெண் குழந்தை. முதல் விமானத்தைப் பிடித்து மருமகன் சுனில் வந்து சேர்ந்தபோது குணசேகரன் அவரிடம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்து, ஸ்கூட்டர் வந்த இடத்தில் மட்டும் பேச்சை மாற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை. அவர் கேண்டீனில் பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. தேஜு. ஒரே கட்டடத்தில், இரண்டு மாடிக்கு மேலே படுத்திருக்கிறவள் எதற்குப் போன் செய்கிறாள் என்று பயந்துகொண்டே எடுத்தார்.

"அப்பா, சலான் வந்திருக்கு."

இனி வராது என்று நினைத்திருந்த வாக்கியம். நாற்பதில் போனவனுக்கு எப்படி வேக அபராதம் வரும் என்று கேட்டார்.

"வேகத்துக்கு இல்லப்பா. நின்னதுக்கு. கோட்டைத் தாண்டி நின்னீங்களாம்."

படத்தை அனுப்பினாள். பிளாஸ்கை மேசையில் வைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். வாழ்நாளிலேயே மெதுவாக ஓட்டிய நாளில் வந்த சலான். ஸ்டியரிங்குக்குப் பின்னால், கறுப்புக் கண்ணாடி இல்லாமல், வாயைப் பிளந்துகொண்டு, சிவப்பு விளக்கைப் பார்த்து ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். மீசையைப் பார்த்துத்தான் தான்தான் என்று தெரிந்தது. பின்னால் மங்கலாக அன்னக்கிளி, கையைக் கூப்பியபடி. அவள் தோளில் தேஜுவின் தலை.

"இதுல நீங்க சிரிக்கலப்பா" என்றாள் தேஜு. அவள் சிரிக்கிறாளா, மூக்கை உறிஞ்சுகிறாளா என்று புரியவில்லை. "நாம நாலு பேரும் சேர்ந்து இருக்கிற முதல் போட்டோப்பா இது."

யார் அந்த நாலாவது ஆள் என்று அவர் ஒரு நொடி எண்ணிப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கேண்டீன்காரர் வந்து, வெந்நீர் வழிகிறது சார் என்று குழாயை மூடினார்.

"நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. சுனில் டாக்ஸி சொல்றேன்னாரு. பாப்பா தாத்தா வண்டியிலதான் வரும்னு சொல்லிட்டேன். கவர்னரைக் கழட்டிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெளியே காரின் பின்கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர் வெயிலில் பளபளத்தது. இனி இவள் புனேவுக்குத் திரும்பிப் போனால், வேக அபராதமும் இல்லாமல், எந்தச் சாக்கில் போன் செய்வாள் என்ற பழைய பயம் அவருக்குள் ஒருமுறை தலை நீட்டியது. அப்படியே ஆனாலும் கோடு என்று ஒன்று இருக்கிறதே, முன்சக்கரத்தை ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் போதாதா என்று அதற்கும் ஒரு வழி தோன்றியது. தோன்றியவுடன், நாம் திருந்துகிற ஜாதி இல்லை என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார்.

பிறகு நாளைக்கு வரப்போகிற பாதையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். கார்கானாவில் குழி. லாலா பஜாரில் வேகத்தடை, அதில் வெள்ளை அடிக்கவே மாட்டார்கள். மூன்று நாள் குழந்தை, கழுத்துகூட நிற்காது. போனை எடுத்து யூசுப் பாயைக் கூப்பிட்டார். யூசுப் பாய், இனி கழற்றிவிடலாம் இல்லையா சாப், நாளைக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று அவரே ஆரம்பித்தார்.

"நக்கோ பாய்" என்றார் குணசேகரன், சுற்றிலும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு. "அதை முப்பதுக்கு இறக்க முடியுமா?"